பூனைச் சாக்கு

எங்கள் வீட்டுக்குப் புது மாப்பிள்ளையும் புதுப் பூனையும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேரில் யாரை வீட்டோடு பழக்குவது கஷ்டம் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், பூனையைத்தான் என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொல்லியிருப்போம். மாப்பிள்ளை எப்படியும் பழகிவிடுவார், அவருக்கு வேறு வழி ஏது என்று நினைத்தோம். இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காரைக்காலில் கப்பலேறிப் பிழைத்த எங்கள் முஸ்லிம் குடும்பங்களில் கல்யாணம் முடிந்தால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டையே பெண்ணுக்குத்தான் எழுதி வைப்பார்கள். மாப்பிள்ளை கப்பலில் போவார், சில வருடம் கழித்து வருவார், மறுபடி போவார். பெண் பிறந்த வீட்டிலேயே உம்மாவோடு இருப்பாள். எங்கள் வாப்பாவும் அப்படித்தான் சைகோனில் ஒரு துணிக்கடையில் இருந்தார். என் அக்காவுக்கு, நாங்கள் ராத்தா என்போம், அவர் பார்த்து முடித்த மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் பிறகு ஐந்து மாதம் ஊரில் இருந்துவிட்டு அதே கடைக்குக் கப்பலேறுவதாகப் பேச்சு. அந்த ஐந்து மாதம்தான் என் ராத்தாவின் குடும்ப வாழ்க்கை. அடுத்த தடவை எப்போது என்று யாருக்கும் தெரியாது. சைகோனில் அப்போது சண்டை வேறு நடந்துகொண்டிருந்தது.

பூனை வந்தது மாப்பிள்ளையின் உம்மாவிடமிருந்து. அந்த மாமி புருஷனை இழந்தவர். அவருக்குப் பிள்ளை என்று இருந்தது இவர் ஒருவர்தான். மாமியின் புருஷன் கடைசியாகக் கப்பலில் வந்தபோது கொண்டுவந்த குட்டியாம் அது. சாம்பலும் வெள்ளையும் கலந்த பூனை. சைகோன் பக்கத்துப் பூனைகளுக்கு வால் நேராக இருக்காது, இதன் வால் நுனியிலும் முடிச்சுப் போட்டதுபோல ஒரு மடிப்பு இருந்தது. என் மகன் கால்மாட்டில் இது படுக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது என்று சொல்லி, மாமி அதை மூடி போட்ட ஒரு பிரம்புக் கூடையில் வைத்துக் கொடுத்தனுப்பினார். கூடைக்குள் நாலாக மடித்த ஒரு சாக்குத் துண்டு விரித்திருந்தது. கப்பலில் வந்ததே அந்தக் கூடையில்தான் என்பதால், பூனை அதற்குள் போனால் சத்தம் காட்டாமல் சுருண்டு படுத்துக்கொள்ளும்.

பூனையைப் பழக்குவதற்கு எங்கள் உம்மாவிடம் தனிச் சட்டமே இருந்தது. வரும்போது வழி தெரியக்கூடாது என்று கூடைமேல் துணியைப் போர்த்தி, நேர்த் தெருவில் வராமல் மூன்று சந்து சுற்றிக் கொண்டுவரச் சொன்னாள். வந்ததும் அடுப்புச் சாம்பலைத் தொட்டு அதன் நெற்றியில் வைத்தாள். முதல் சோற்றை அடுப்படியில்தான் வைக்க வேண்டும், அடுப்பு வெக்கையில் உட்கார்ந்து தின்றால்தான் அது வீட்டோடு ஒட்டும் என்றாள். சில நாள் ஒரு பழைய புடவைக் கரையைக் கிழித்து அதைக்கொண்டு பூனையை அம்மிக்கல்லில் கட்டிவைத்தோம். ராத்தா தன் பழைய தாவணி ஒன்றைப் பூனைமேல் போட்டு, என் வாசனை பழகட்டும் என்றாள். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவிடம் மத்தி தனியாக வாங்கி, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து, கையாலேயே ஊட்டினாள்.

மாப்பிள்ளைக்கு இதில் ஒன்றும் கிடையாது. அவருக்குச் சாப்பாடு முன்கூடத்தில், திரைக்கு அந்தப் பக்கம். வட்டிலப்பம் என்ன, இடியப்பம் என்ன, கோழி ஆணம் என்ன, வைப்பது மட்டும் குறைவில்லாமல் வைப்போம். ஆனால் மாப்பிள்ளை அடுப்படிப் பக்கம் வரக்கூடாது, மைத்துனி அவர் முன்னால் நிற்கக்கூடாது, மாமியார் திரைக்குப் பின்னாலிருந்துதான் பேச வேண்டும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த மனிதர் அவர். ஒவ்வொரு தட்டு போகும்போதும் திரையைப் பார்த்து, ‘மெர்சி’ என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார். நான் அந்த மெர்சிக்கு மறுபக்கம் நின்று பல்லைக் கடிப்பேன். எனக்கு அப்போது பதினாறு வயது, பள்ளிக்கூடத்தை நிறுத்தி உள்ளே உட்கார வைத்திருந்தார்கள், பல்லைக் கடிக்க எனக்குக் காரணம் நிறைய இருந்தது.

கல்யாணமாகி இரண்டு வாரம்கூட இருக்காது, ஒரு நாள் சாயங்காலம் பூனையைக் காணோம். பரண், விறகு அடுக்கு, கிணற்றடி எல்லாம் தேடினோம். உம்மா கிணற்றுக்குள்ளேயே எட்டிப் பார்த்தாள். ராத்தா முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பொருளைப் பத்து நாள் காப்பாற்றத் தெரியவில்லை என்று பேச்சு வருமே என்கிற பயம் அவளுக்கு. மாப்பிள்ளை மச்சான்தான் பதறாமல் மாடியிலிருந்து இறங்கி வந்தார். பழைய வீட்டைத் தேடிப் போயிருக்கும், நான் போய்ப் பிடித்து வருகிறேன் என்று திரையிடம் சொல்லிவிட்டு, பிரம்புக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கு ராத்திரி அவர் வரவில்லை. மறுநாள் காலையில் வந்து, கூடத்தின் நடுவில் கூடையை வைத்து மூடியைத் திறந்தார். பூனை வெளியே குதித்தது. பூனை ராத்திரியெல்லாம் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்ததாம், விடிந்துதான் கைக்குக் கிடைத்ததாம். நாங்கள் என்னவோ தொலைந்த பிள்ளை கிடைத்ததுபோல அதைச் சுற்றி உட்கார்ந்து கொஞ்சினோம்.

அதற்குப் பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. முதலில் வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு இரண்டு தடவை, கடைசி மாதங்களில் வீட்டில் தங்கிய ராத்திரியை விட ஓடிப்போன ராத்திரிதான் அதிகம். பூனை ஓடும், பின்னாலேயே இவரும் கூடையைத் தூக்கிக்கொண்டு போவார். ராத்தா அந்தி நேரத்து மஃரிப் தொழுதுவிட்டு, தலை வாரி, பூ வைத்து, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு மாடிக்குப் போவாள். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்து, பூனையைப் பார்த்தியா என்று என்னிடம் கேட்பாள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். பூவை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு எங்களோடு வந்து படுத்துக்கொள்வாள்.

நாங்கள் சும்மா இருந்தோமா? கொல்லைக் கதவுக்குக் கீழே இருந்த இடுக்கைச் செங்கல் வைத்து அடைத்தோம். மாடி ஜன்னலுக்கு வலை கட்டினோம், மீனவர்கள் போட்ட பழைய வலை. உம்மா மறுபடி சாம்பல் வைத்தாள், மறுபடி அம்மியில் கட்டினாள், ஓதிய தண்ணீர்கூடத் தெளித்துப் பார்த்தாள். எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் அந்தப் பூனையைத் திட்டாத திட்டில்லை. தின்பது இங்கே, படுப்பது அங்கேயா, நன்றி கெட்ட சனியனே என்று கையில் கிடைத்ததை வீசியிருக்கிறேன். அது அடுப்படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறக்கும்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த ஒரு பொம்பளை, ஓடுவது பூனைதானா அல்லது வேறு யாராவதா என்று என் காதுபடக் கேட்டாள். நான் மதில்மேல் ஏறி நின்று அவளைக் கிழிகிழியென்று கிழித்தேன். அதற்காக உம்மாவிடம் அறை வாங்கினேன். அறை வலிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி ராத்தா என் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொன்னதுதான் வலித்தது.

“அவங்க மேல ஒண்ணும் தப்பில்லடி. பூனைக்கே என்னைப் பிடிக்கல. என் கையில என்னமோ இருக்குது, எதுவும் தங்க மாட்டேங்குது.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். விரலை விரித்துத் தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். மத்தி முள் குத்திக் குத்தி அந்தக் கை முழுவதும் பொடிப்பொடியாகப் புண்.

ஐந்து மாதம் அப்படியே போனது. கப்பல் புதுச்சேரியிலிருந்து. கிளம்புகிற அன்று மச்சான் எல்லார் முன்னாலும் பூனையை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தார். திரையைப் பார்த்து, பூனையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார், மெர்சியும் சொன்னார். மாடியில் ராத்தாவிடம் தனியாக என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. அவள் இறங்கி வந்தபோது அவள் கையில் அந்தப் பிரம்புக் கூடை இருந்தது. இனி பூனை ஓடினால் யாரையாவது அனுப்பிப் பிடித்துவரச் சொல்லியிருப்பார் போல என்று நினைத்தேன்.

அவர் போன அன்று ராத்திரியே பூனை ஓடிவிடும் என்று எதிர்பார்த்தோம். ஓடவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. அது அடுப்படியை விட்டு நகரவில்லை. அதிகம் போனால் கொல்லை மதில்வரை போய், காக்காயைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். உம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை, பார்த்தாயா, சாம்பல் இப்போதுதான் வேலை செய்கிறது என்றாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவர் இருந்த நாளெல்லாம் ஓடி ஓடி அவள் ராத்திரிகளைக் கெடுத்த பிராணி, இப்போது யாருக்காக இங்கே குந்தியிருக்கிறது?

ஒரு நாள் மதியம் உம்மாவும் ராத்தாவும் கண்ணயர்ந்திருந்தார்கள். துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு பூனையை இடுக்கினேன். கொல்லை வழியாகச் சந்துக்குப் போனேன். சந்து முனையில், அவர்கள் வீட்டுக்குப் போகிற தெரு ஆரம்பிக்கிற இடத்தில் அதை இறக்கிவிட்டு, போ, உனக்குத்தான் வழி தெரியுமே, போய்த் தொலை என்றேன்.

பூனை போகவில்லை. வயிற்றைத் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நடுங்கியது. இந்தப் பக்கம் ஒரு மோப்பம் பிடித்தது, அந்தப் பக்கம் ஒரு மோப்பம் பிடித்தது. தூரத்தில் ஒரு மாட்டுவண்டிச் சத்தம் கேட்டதும் என் துப்பட்டியில் நகத்தை மாட்டித் தோள்வரை ஏறிவிட்டது. அந்தத் தெருவை அது தன் ஜன்மத்தில் பார்த்ததில்லை. அதற்கு வழியே தெரியாது.

சந்தில் நின்ற இடத்திலேயே எனக்கு எல்லாம் ஓடியது. மாடி ஜன்னல் வலை வழியாக எத்தனையோ சாயங்காலம் அவர் தெருவில் போவதைப் பார்த்திருக்கிறேன். பூனையைப் பிடிக்கப் போகிறவர் வெறுங்கூடையை எப்படிப் பிடித்திருப்பார்? கைப்பிடியில் விரலை மாட்டி ஆட்டிக்கொண்டு போயிருப்பார். அவர் ஒரு நாளும் அப்படிப் போனதில்லை. இரண்டு கையாலும் கூடையை நெஞ்சோடு அணைத்து, பள்ளம் மேடு பார்த்துக் கால் வைத்துப் போவார். காலையில் பூனையோடு திரும்பி வரும்போதும் அதே மாதிரிதான். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எனக்கு உறைக்கவில்லை. மதியத்தில் அது கூடைக்குள் சுருண்டு தூங்கும், அவர் மூடியைச் சாத்திவிட்டால் போதும். மாப்பிள்ளையின் பொருளை யாரும் திறந்து பார்க்க மாட்டோம். நாங்கள் கொல்லையிலும் கிணற்றிலும் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் எங்கள் பூனையை எங்கள் கண் முன்னாலேயே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், அதுவும் தேடப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு.

வீட்டுக்குள் போய், தூங்கிக்கொண்டிருந்தவளை உலுக்கி எழுப்பினேன். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். ராத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள். பொய்யன், மோசக்காரன் என்று அவள் வாயால் ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

“அப்போ என் கைமேல தப்பில்லையா?”

எனக்கு அவளையே இரண்டு சாத்து சாத்தலாம்போல இருந்தது. ஐந்து மாதம் ஒரு மனிதர் ஏமாற்றியிருக்கிறார், இவள் தன் கையை விசாரித்துக்கொண்டிருக்கிறாள். அப்படி அவளை நினைக்க வைத்ததுதான் அவர் செய்ததிலேயே பெரிய அநியாயம் என்று இப்போதும் சொல்வேன்.

அன்றைக்கு மாலையே நாங்கள் இரண்டு பேரும் மாமி வீட்டுக்குப் போனோம். உம்மா தடுத்துப் பார்த்தாள், ராத்தா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டாள். கூடையில் பூனையை வைத்து நான் தூக்கிக்கொண்டேன். மாமியே பூனை வேண்டுமென்று மகனை ஏவிவிட்டிருக்கிறார், மருமகளிடமிருந்து அவரைப் பிரித்து வைத்திருக்கிறார் என்பது என் கணக்கு. வாயில் நாலு கேள்வியைக் கோத்து வைத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்த மாமி எங்களை உள்ளே வா என்று சொல்லவில்லை. கூடையைப் பார்த்தார், முகம் சுண்டிவிட்டது. ராத்தாவைப் பார்த்து அவர் கேட்ட கேள்வியில் என் நாலு கேள்வியும் எனக்கு மறந்துபோனது.

“ராத்திரிக்குத்தான் ஆவாதுன்னு அனுப்புவே. இப்போ மொத்தமாவே வேணாம்னு கொண்டாந்துட்டியா?”

ராத்தாவுக்கு இளைப்பு நோயாம். ராத்திரியில் பூனை முடி மூக்கில் ஏறினால் மூச்சு முட்டுமாம். பூனையை வெளியே கொண்டுபோய்விட்டால்தான் தூங்குவாளாம். தன் உம்மாவிடம் மச்சான் சொல்லியிருந்தது இதைத்தான். பாவம், அவளை ஒன்றும் சொல்லாதீங்க உம்மா என்று பரிந்துவேறு பேசியிருக்கிறார். ஆசையாகக் கொடுத்த பூனையை ராவோடு ராவாக விரட்டுகிறவள், அதைத் தூக்கிக்கொண்டு புருஷனையும் தெருவில் நடக்க விடுகிறவள் என்று மாமி அந்த ஐந்து மாதமும் மனசுக்குள் வைதுகொண்டிருந்திருக்கிறார். ராத்தாவுக்கு வாழ்நாளில் ஒரு தும்மல்கூட அதிகப்படியாக வந்ததில்லை.

ஒரே ஊர், நடந்தால் வெற்றிலை போட்டு மெல்கிற நேரம்கூட ஆகாது. இந்த வீட்டில் ஒரு பொய், அந்த வீட்டில் ஒரு பொய், நடுவில் வாயில்லாத ஒரு ஜீவன். இரண்டு பக்கமும் நல்ல பிள்ளைப் பெயர் வாங்கிக்கொண்டு, மெர்சி சொல்லிவிட்டு, அவர் கப்பலேறிவிட்டார்.

ராத்தா வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். மாமி ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, எங்களை விட்டு நகர்ந்து உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். நாங்களும் உள்ளே போனோம். பெரிய வீடு. மகள் இருந்திருந்தால் ஒரு மாப்பிள்ளை வந்திருப்பார், பேரன் பேத்தி என்று சத்தமாக இருந்திருக்கும். மகன் மட்டும் பெற்றவளுக்கு எங்கள் வழக்கத்தில் ஒன்றும் மிச்சமில்லை. இருந்த ஒருவரையும் கல்யாணத்தன்று வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, கதவைத் தாழ் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கல்யாணமான ஆண்பிள்ளை உம்மா வீட்டில் ராத்தங்கினால் ஊர் சிரிக்கும்.

“நான் தனியாக் கெடக்குறேன்னு சொல்ல அவனுக்கு வெக்கம்” என்றார் மாமி.

இந்த இடத்தில் எல்லாருக்கும் மனசு இளகிவிடும் என்று எனக்குத் தெரியும். கேட்டவர்கள் எல்லாரும், பாவம் அந்தப் பிள்ளை, உம்மாமேல் எவ்வளவு பாசம் என்றுதான் சொன்னார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. உம்மா தனியாக இருக்கிறார், அவரை விட்டு என்னால் இருக்க முடியவில்லை என்று ராத்தாவிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லியிருந்தால் அவளும் கூடவே போயிருப்பாள். அவருக்கு வெட்கம். அந்த வெட்கத்துக்கு இரண்டு பொம்பளைகள் தங்களைத் தாங்களே குறை சொல்லிக்கொண்டும் ஒருவரை ஒருவர் வைதுகொண்டும் ஐந்து மாதம் கிடந்து சாக வேண்டும்.

உடனே சைகோனுக்கு எழுதச் சொன்னேன், வாப்பாவுக்கும் தெரியட்டும் என்றேன். ராத்தா ஒத்துக்கொள்ளவில்லை. எழுதினால் அதற்கும் ஒரு பொய்யை எழுதி அனுப்புவார், நேரில் வரட்டும் என்றாள். முதல் தடவையாக அவள் குரலில் என் குரல் கேட்டது.

அந்த வருட ஐப்பசிக் காற்றில் மாமி வீட்டு ஓடுகள் பாதி பறந்துவிட்டன. மழை நிற்கும்வரை நம் வீட்டில் இருக்கட்டும் என்று ராத்தா அவரைக் கூட்டிவந்தாள். மழை நின்றது, ஓடும் மாற்றியாயிற்று, ராத்தா அவரை அனுப்பவில்லை. மருமகள் வீட்டில் சம்பந்தி வந்து குந்திச் சோறு தின்பதா, ஊர் என்ன பேசும் என்று உம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். இது எனக்கு எழுதிக்கொடுத்த வீடுதானே உம்மா என்று ராத்தா ஒரு தடவைதான் கேட்டாள். அதற்குப் பிறகு உம்மா வாயைத் திறக்கவில்லை. மாமி இங்கே இருப்பதைக் கடிதத்தில் யாரும் எழுதக்கூடாது என்றும் ராத்தா சொல்லியிருந்தாள். மாமி முதல் நாளே அடுப்படியில் உட்கார்ந்து புளியாணத்துக்கு மிளகாய் கிள்ளிப்போட ஆரம்பித்துவிட்டார். பூனை இரண்டு பேர் கால்களுக்கும் நடுவில் படுத்துக்கொள்ளும். ராத்தாவுக்குப் பிள்ளை இல்லையே என்று கேட்க வருகிறவர்களை மாமியே வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

மூன்று வருடம் கழித்து மச்சான் வந்தார். ஊரில் அதற்குள் பிரெஞ்சுக் கொடி இறங்கி வேறு கொடி ஏறியிருந்தது. மனிதர் கொஞ்சம் சதை போட்டிருந்தார், தலையில் முன்பக்கம் வழுக்கை ஏறியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் எங்கே போனார் தெரியுமா? அங்கேதான், தன் உம்மா வீட்டுக்கு. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, பெட்டியை வண்டியிலேயே வைத்தபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடத்துக்குள் கால் வைத்தவருக்கு அடுப்படியிலிருந்து தன் உம்மாவின் குரல் கேட்டது, உப்புப் போதுமா பாரு என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

திரை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ராத்தா அதை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். வாங்க என்றாள். சலாம் சொன்னாள், பிரயாணம் எப்படி என்று கேட்டாள், எல்லாம் முறைப்படி. பிறகு, சாப்பாடு அடுப்படியில்தான் என்று சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். உம்மா பதறிப்போய் முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். நானும் ஒதுங்கியிருக்க வேண்டும். சோற்றுப் பானைக்கு முன்னால் கையில் அகப்பையோடு நின்றிருந்தேன், நகரவில்லை. என் முகத்தை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார். அது நல்ல முகமாக இருந்திருக்காது.

ராத்தா பரணிலிருந்து பிரம்புக் கூடையை இறக்கினாள். மூடியைத் திறந்து, உள்ளே கிடந்த சாக்குத் துண்டை எடுத்தாள். மூன்று வருடத்துப் பூனை முடி இன்னும் அதில் கம்பளிபோல அப்பியிருந்தது. ஒரு உதறு உதறி, அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் விரித்தாள்.

“உக்காருங்க. உங்க சாக்குதான்.”

மாமிதான் முதலில் சிரித்தார். மச்சானுக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் காது சிவந்துவிட்டது. புது வேட்டியோடு அந்தச் சாக்கில் உட்கார்ந்தார். நான் தட்டில் சோற்றைப் போட்டேன், மத்தி ஆணத்தை ஊற்றினேன். கொஞ்சம் வேகமாகத்தான் ஊற்றினேன், அவர் வேட்டியில் தெறித்தது. பூனை எழுந்து வந்து அவரை மோந்து பார்த்தது. அவரை அடையாளம் தெரிந்ததா இல்லை மீன் வாசனையா என்று சொல்ல முடியாது. அவர் கையை நீட்டியதும் விலகிப்போய் ராத்தாவின் புடவைக்குள் நுழைந்துகொண்டது. ஒரு கவளம் எடுத்தவர் அதை வாயில் வைக்காமல், பூனையைப் பார்த்தபடி இழுத்தார்.

“இல்ல, அப்போ இந்தப் பூனை வந்து...”

“பூனை பேர எடுக்காம சொல்லுங்க” என்றாள் ராத்தா.

மாமி மிளகாய் கிள்ளுவதை நிறுத்திவிட்டார். கதவுக்குப் பின்னால் உம்மாவின் வளையல்கூட அசையவில்லை. மச்சான் அந்தக் கவளத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் வந்துவிட்டது.

“உம்மாவ விட்டுட்டு இருக்க முடியல. அத ஒங்கிட்ட சொல்லவும் முடியல.”

இவ்வளவுதான். ஐந்து மாதம் எங்களைக் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க வைத்த மனிதரிடம் இருந்தது இவ்வளவுதான். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராத்தா அவர் தட்டிலிருந்த மத்தியை எடுத்து முள்ளைப் பிரிக்க ஆரம்பித்தாள். அவள் விரலில் பழைய புண்ணெல்லாம் ஆறியிருந்தது. எனக்குத்தான் ஆறவில்லை. ‘மெர்சி’ என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னபோது, கையிலிருந்த அகப்பையைப் பானைக்குள் போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டேன். போடாமல் இருந்திருந்தால் அது அவர் தலையில்தான் விழுந்திருக்கும்.